மீன் கணக்கும் மழைக் கணக்கும்

"முன்போல மீன் இல்லை" என்னும் சொல்லைக் கேளாத சந்தை உலகில் இல்லை. எங்கள் தோட்டத்திற்கு வாரம் இருமுறை வண்டியில் மீன் கொண்டுவரும் பெரியவரும் இதனையே கூறுவார். "வாத்தியாரையா, எங்கப்பா காலத்துல கூடை கூடையா வந்துச்சு. இப்ப இருக்கறத வாங்கிக்குங்க" என்பது அவருடைய வாடிக்கையான பேச்சு. அவர் கூற்றில் பொய் இல்லை. ஆயினும் அதைக் கேட்டவுடன் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுதல் வேண்டும். 'முன்பு' என்பது எப்பொழுது? எவர் எண்ணி எழுதிவைத்த கணக்கின்படி?

இவ்வினாக்கள் இன்று ஏட்டளவில் நிற்பவை அல்ல. கடல்நீர் வெப்பமுற்று வருகின்றது. மீன்கள் பழகிய இடத்தைவிட்டு வேறிடம் நாடுகின்றன. எத்தனை வலைகளுக்கு உரிமம் வழங்குவது, எந்தத் திங்களில் மீன்பிடியை நிறுத்துவது, எவ்வளவு சிறிய மீனைப் பிடிக்கலாகாது என்று அரசுகள் ஆண்டுதோறும் முடிவு செய்ய வேண்டியுள்ளது. அம்முடிவுக்குப் பத்து இருபது ஆண்டுக் கணக்குப் போதுமா, நூறு இருநூறு ஆண்டுக் கணக்கு வேண்டுமா என்பதே கேள்வி. தமிழர் அறிந்த கடல்களின் வரலாற்றைக்கொண்டே இதற்கு விடை காண முயல்வோம்.

பாட்டில் மீன் உண்டு, கணக்கு இல்லை

நெய்தல் நிலத்தைப் பாடிய நம் புலவர்கள் மீனை அறியாதவர்கள் அல்லர். சுறாவும் இறாவும் வாளையும் சங்கப் பாட்டுகளில் நீந்துகின்றன. அயிலை என்னும் மீனைப் புளியிட்டுச் சமைத்த செய்தி அகநானூற்றில் உண்டு. அந்த மீன் அன்றும் நம் கடலில் இருந்தது, அன்றும் மக்கள் அதனை விரும்பி உண்டனர் என்பது இதனால் பெறப்படும். எவ்வளவு இருந்தது என்பதைப் பாட்டு சொல்லாது. அது பாட்டின் வேலையும் அன்று.

கணக்கு வேண்டுமாயின் வரி வாங்கியவனிடமும் வாணிகம் செய்தவனிடமுமே செல்லவேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குப் பாசிப்பாட்டம் என்று ஒரு வரி காணப்படுகின்றது. பொருளுக்கு விலை உண்டான இடத்தில் எழுத்தும் உண்டாகிறது. கடல்படு பொருள்களுள் மிக்க விலை பெற்றது முத்து. ஆதலின் நம் கடலைப்பற்றிய நெடுங்காலப் பதிவுகளுள் முத்தின் பதிவே முதலிடம் பெறுகின்றது.

முத்துப் பார்கள் தந்த பாடம்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பர். கொற்கையின் காலந்தொட்டுப் பரதவர் அங்கே மூழ்கிச் சிப்பி எடுத்தனர். 1658இல் தூத்துக்குடியை டச்சுக்காரர் கைப்பற்றினர்; 1796இல் இலங்கைக் கரை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆண்டவர் மாறினும் முத்துக்குளிப்புக் கணக்கு எழுதுவது நிற்கவில்லை. குளிப்புக்கு முன் பார்களைப் பார்வையிட்டு, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்துகளை மதிப்பிட்டு, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்பை அறிவித்தனர். இருப்பை அறிந்து எடுக்கும் இம்முறையை இன்றைய மீன்வள அறிஞர் புதிதாகக் கண்டதுபோலக் கூறுவதுண்டு. நம் கடலில் அது மிகப் பழையது.

அந்தக் கணக்குகளை வரிசையாகப் படிப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். சில ஆண்டுகள் சிப்பி கொழிக்கும். பின்பு ஒன்றுமே இராது. இலங்கைக் கரையில் 1837ஆம் ஆண்டுக்குப் பின் 1850களின் நடுப்பகுதி வரையில் குளிப்பே நடைபெறவில்லை. 1891ஆம் ஆண்டுக் குளிப்புக்குப் பின் 1903 வரை மீண்டும் வெறுமை. பின்னர்ச் செழிப்பான ஆண்டுகள் தொடர்ந்து வந்தன. 1905இல் மட்டும் வருமானம் 25 லட்சம் ரூபாயைத் தாண்டியது.

அந்தச் செழிப்பின் உச்சியில், 1906இல், இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனி என்னும் நிறுவனம் பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைத் தொகை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். 1907க்குப் பின் சிப்பி இல்லை. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வெறுமை வருவது அந்தக் கடலுக்குப் புதிதன்று என்பதை ஒரு நூற்றாண்டுக் கணக்கே காட்டியிருக்கும். ஒப்பந்தமோ அண்மையில் கண்ட நல்லாண்டுகளின் மயக்கத்தில் எழுதப்பட்டதாகவே தோன்றுகின்றது. பதிவு இருப்பது ஒன்று. அதனைப் படித்து நடப்பது வேறொன்று.

மத்தியின் ஏற்றமும் இறக்கமும்

நிற்க. முத்து செல்வர்க்கு உரியது. ஏழை எளியவரின் உணவாகிய மீனுக்கு வருவோம். மத்தி எனவும் சாளை எனவும் நாம் வழங்கும் நெய்மத்தி, மலபார்க் கரையின் உயிர்நாடி. அதன் உடலில் எண்ணெய் மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மத்தி எண்ணெய் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் சக்கை தென்னைக்கும் காப்பிக்கும் தேயிலைக்கும் உரமாயிற்று. தோட்டத்தில் வாழும் நாம் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும். மலைச்சரிவில் தமிழர் உழைத்த தோட்டங்களுக்கு உரம் கடலிலிருந்தும் வந்தது.

1905இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்திற்கென ஓர் அலுவலகம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகாட்டிய அறிக்கையை எழுதியவரும் இவரே. மத்தி எண்ணெயையும் உரத்தையும் நல்ல முறையில் செய்வதற்குக் கரையோர மக்களுக்கு இவர் வழிகாட்டினார். இவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹார்னெல் முத்துப் பார்களை ஆராய்ந்த அதே அறிஞர். அவரும் இராமசாமி நாயுடுவும் மத்தியின் வாழ்க்கையை ஆராய்ந்து 1924இல் வெளியிட்ட நூல், அம்மீனைப்பற்றி நாம் பெற்ற முதற்பெரும் ஆராய்ச்சியாகும். எண்ணெய்க் கணக்கும் உரக் கணக்கும் ஏற்றுமதிக் கணக்கும் பெருகின. மீனை எண்ணவேண்டும் என்று எவரும் கருதாத காலத்திலும் பீப்பாயை எண்ணினார்கள்; பீப்பாயின் எண்ணிக்கை மீனின் வரவைக் காட்டியது.

1940களின் தொடக்கத்தில் மத்தி மறைந்தது. கரையோரமெங்கும் வறுமை. காரணம் என்ன என்று சென்னை அரசு வினவிற்று. மீன்வளத் துறையைச் சேர்ந்த தேவநேசன் ஆராய்ந்து 1943இல் அறிக்கை தந்தார். முட்டையிட வரும் தாய்மீனையும் வளராத குஞ்சையும் வலைகள் வாரிவிடுவதே கேடு என்னும் கருத்து வலுப்பெற்றது. அவ்வாண்டே சிலவகை வலைகளைத் தடுத்தும், சிறுமீன் பிடிப்பதை விலக்கியும் அரசு ஆணை பிறப்பித்தது. மத்தி உடனே திரும்பவில்லை. வலை இழந்த மீனவர் துயருற்றதே மிச்சம். சில ஆண்டுகளுள் அந்த ஆணை கைவிடப்பட்டது.

1951இல் நாயர், சிதம்பரம் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் மத்தி மீன்பிடியின் பழங்கணக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். கொழித்த ஆண்டுகளும் வறண்ட ஆண்டுகளும் மாறிமாறி வந்தமை அக்கணக்குகளில் தெரிந்தது. இயந்திரப் படகும் பெருவலையும் இல்லாத நாளிலும் மத்தி காணாமற்போனது உண்டு. ஆகவே வலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது முறையன்று என்பது விளங்கிற்று. 1950களின் இறுதியில் மத்தி திரும்பியது. 1960களில் சில ஆண்டுகளில் பிடிப்பு 2 லட்சம் டன்னைக் கடந்தது.

இதற்கிடையே, 1947 பிப்ரவரி 3ஆம் நாள், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. சென்னையில் தோன்றி, மண்டபத்தில் வளர்ந்து, 1971 முதல் கொச்சியில் இயங்கிவரும் அந்நிலையம் கரைதோறும் ஆள்வைத்து மீனை எண்ணத் தொடங்கிற்று. எண்ணத் தொடங்கியபின் காரணமும் மெல்லப் புலப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்களில் மலபார்க் கடலின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. அந்நீரில் உரம் மிகுதி. அதனால் நுண்பாசிகள் தழைக்கின்றன; அவற்றை உண்டு மத்தி பெருகுகின்றது. ஒருவகை நுண்பாசி மிகும் ஆண்டில் மத்தியும் மிகுவதைச் சுப்பிரமணியனும் நாயரும் 1955இல் எடுத்துக்காட்டினர். மத்தி முட்டையிடும் நாள்களில் பெய்யும் மழைக்கும் அடுத்து வரும் மீன் வரவுக்கும் உள்ள தொடர்பை அந்தோணி ராஜா ஆராய்ந்தார். 1990இல் லாங்ஹர்ஸ்ட், ஊஸ்டர் என்னும் இரு மேனாட்டறிஞர் கொச்சித் துறைமுகத்துக் கடல்மட்டக் கணக்கை மத்தியின் பழங்கணக்கோடு ஒப்பிட்டு, கீழ்நீர் மேலெழும் காலத்திற்கும் மத்தியின் வரவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தனர்.

ஆசிரியப் பெருமக்கள் இங்குச் சற்று நிற்றல் வேண்டும். மழையை அளந்தவர் மத்திக்காக அளக்கவில்லை. கடல்மட்டத்தை எழுதியவர் கப்பலுக்காக எழுதினார். எண்ணெய்ப் பீப்பாயை எண்ணியவர் காசுக்காக எண்ணினார். வேறு வேறு நோக்கத்தோடு எழுதப்பெற்ற மூன்று ஏடுகளும் பிற்காலத்தில் ஒரு மீனின் வரலாற்றை விளக்க உதவின. எந்த ஏடு எதற்குப் பயன்படும் என்பது எழுதுகின்ற காலத்தில் தெரிவதில்லை.

பிற கடல்களின் சான்று

மத்தி இனத்தின் இந்த இயல்பு மலபாருக்கு மட்டும் உரியதா? சுவீடன் நாட்டின் மேற்குக் கரையில் ஹெர்ரிங் என்னும் மீன் பல்லாண்டு கொழித்தும் பல்லாண்டு மறைந்தும் வந்தமை நூற்றாண்டுக் கணக்கில் எழுதப்பட்டுள்ளது. 1747 முதல் 1809 வரை அக்கரை மீனாலும் மீனெண்ணெயாலும் செழித்தது, பின்னர் மீன் அகன்றது, ஊர்கள் வறண்டன.

கலிபோர்னியாவில் 1930களில் மத்தி இன மீன் மலைபோல் குவிந்தது. மான்டரே நகரம் டப்பாத் தொழிலால் வளர்ந்தது. 1940களின் இறுதிக்குள் அத்தொழில் சரிந்தது. வலையா, கடலா என்று அங்கும் வழக்கு நடந்தது. எழுதிய ஏடு எட்டாத காலத்திற்கும் செல்ல வழி கண்டனர் அறிஞர். கரையை ஒட்டிய ஆழமான கடற்பள்ளம் ஒன்றில் ஆண்டுதோறும் படிந்த சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, அதில் புதைந்திருந்த மீன் செதில்களை எண்ணினர். 1992இல் வெளிவந்த ஆராய்ச்சி ஏறத்தாழ 1,700 ஆண்டு வரலாற்றைக் காட்டிற்று. அக்காலத்தில் மத்தி ஒன்பது முறை பெருகி ஒன்பது முறை அருகியது. வலைத்தொழில் பெருகாத காலத்திலேயே இது நிகழ்ந்தது.

இச்சான்றுகளைக் கண்ட ஒருவர், "கடல் தானாகவே தரும், தானாகவே எடுக்கும், நாம் கவலையுறுவது வீண்" என்று முடிவு கட்டிவிடலாம். 1943இல் வலையின்மேல் மட்டும் பழி சுமத்தியது ஒரு பிழை. கடலின்மேல் மட்டும் பழி சுமத்துவது மற்றொரு பிழை. அண்மைக்கால வரலாறு இரண்டாம் பிழையின் விலையைக் காட்டுகின்றது.

திரும்பி வரும் என்ற நம்பிக்கை

1994இல் கேரளக் கரையில் பிடிபட்ட மத்தி 2,000 டன்னுக்கும் குறைவு. பின்னர் வளர்ந்து வளர்ந்து 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன்னை எட்டிற்று. இயந்திரம் பூட்டிய படகுகளும், மீன்கூட்டத்தை வளைத்துச் சுருக்கும் பெருவலைகளும் பெருகின. கடன் வாங்கிப் படகு கட்டினர். 2015இல் எல் நீனோ என்னும் பசிபிக் பெருங்கடல் வெப்ப மாற்றம் வலுத்தது, அரபிக்கடலும் சூடேறியது. மத்தி தளர்ந்தது, வலை தளரவில்லை. 2021இல் கேரளத்தில் கிடைத்தது 3,297 டன். பிடிமிகையும் பருவநிலை மாற்றமும் ஒன்றுசேர்ந்தே இவ்வீழ்ச்சியை விளைத்தன என்று அக்கடலை ஆராய்ந்தோர் 2018இல் வெளியிட்ட கட்டுரை கூறிற்று. 2023இல் மத்தி மீண்டும் 1.38 லட்சம் டன்னாக உயர்ந்தது உண்மை. இடைப்பட்ட ஆண்டுகளில் வருவாய் இழந்த குடும்பங்களுக்கு அது காலம் கடந்த ஆறுதலே.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 1980களின் நடுப்பகுதி வரையில் நெய்மத்தி ஏறத்தாழ முழுவதும் மலபார்க் கரையிலேயே பிடிபட்டது. அதன்பின் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் வடக்கே குஜராத்துப் பக்கமும் மிகுதியாகக் கிடைக்கலாயிற்று. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி 1901க்கும் 2012க்கும் இடையில் கோடைத் திங்களில் 1.2 பாகை அளவு வெப்பமுற்றது என்பர். கடல் சூடேற மீன் இடம் பெயர்கின்றது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பழைய கணக்கு இல்லாதவர்க்கு இது பெயர்ச்சி என்றே தெரிந்திராது. "எங்கள் கடலில் மத்தி பெருகிவிட்டது" என்று ஒரு கரையாரும், "எங்கள் கடலில் அழிந்துவிட்டது" என்று மற்றொரு கரையாரும் கூறிக்கொண்டிருப்பர்.

அப்படியாயின் ஓர் ஐயம் எழும். கடலே மாறிவிட்டபின் பழைய கணக்கு எதற்கு? பழைய கடலின் ஏடு புதிய கடலுக்குப் பொருந்துமா? பழங்கணக்கை வருவது உரைக்கும் சோதிடமாகக் கொண்டால் பொருந்தாது. அளவுகோலாகக் கொண்டால் முன்னைக்காட்டிலும் இன்றே அது தேவை. பனியோ வெயிலோ எதுவாயினும், நோயாளியின் உடல்வெப்பம் மிகுந்ததா என்பதை அவருடைய இயல்பான வெப்பத்தை அறிந்தவரே சொல்ல முடியும். மத்தி எத்தனை ஆண்டு மறைந்து எத்தனை ஆண்டில் மீள்வது வழக்கம் என்பதை அறிந்திருந்தால், இப்போதைய மறைவு வழக்கத்தை மீறியதா என்று அறியலாம். கடல் ஒத்துழையாத ஆண்டு வருகின்றது என்பதற்கான பழைய அடையாளங்களை அறிந்திருந்தால், அவ்வாண்டில் வலையை முன்கூட்டியே குறைக்கலாம். நல்லாண்டில் கண்ட மகசூலை நிலையானதென நம்பிப் படகு பெருக்குவதைத் தடுக்கலாம். கேரளம் 2015இல் 10 செண்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்று விதித்தது. 1943இல் எண்ணியதும் ஏறத்தாழ இதுதான். அன்று சான்று குறைவு. சினமும் ஐயமும் மிகுதி. இன்று எண்பதாண்டுக் கணக்கு அவ்விதிக்குப் பின்னே நிற்கின்றது.

கணக்கைப் படிக்கும் முறை

பழைய ஏட்டைக் கண்டவுடன் நம்பிவிடுதலும் தகாது. நம் தோட்டத்து வழக்கத்தையே சான்றாகக் கொள்வோம். ஒரு மாதத்துப் பால் கணக்கைப் பார்த்துக் கிராணியார் மரம் தளர்ந்தது என்று உடனே சொல்லிவிட மாட்டார். எத்தனை பேர் மரம் சீவினர், எத்தனை நாள் மழையால் வெட்டு நின்றது, புதுமரம் எவ்வளவு, பழமரம் எவ்வளவு என்று கேட்பார். மீனுக்கும் அவ்வாறே. பத்துத் தோணி சென்று நூறு கூடை கொணர்ந்த ஆண்டும், நூறு படகு சென்று அதே நூறு கூடை கொணர்ந்த ஆண்டும் ஏட்டில் ஒன்றாகத் தோன்றும். கடலில் இரண்டும் ஒன்றல்ல. வரி கூடிய ஆண்டில் கணக்குக் குறைத்தெழுதப்பட்டிருக்கலாம். ஒரே பெயரால் இரு மீன்களும், ஒரே மீனுக்கு இரு பெயர்களும் வழங்கியிருக்கலாம். எண்ணும் முறை மாறியதால் எண் மாறியிருக்கலாம். ஆகவே மீன்வள ஆராய்ச்சிக்கு உயிரியல் அறிஞர் மட்டும் போதார். ஏட்டின் காலமும் நோக்கமும் மொழியும் அறிந்த வரலாற்றாசிரியரும் வேண்டும்.

நினைவு ஏட்டுக்கு ஈடாகாது. 1995இல் தானியேல் பாலி என்னும் மீன்வள அறிஞர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று எண்ணுகின்றது. தந்தை கண்ட கடல் குறைந்தது. மகனுக்கு அக்குறையே நிறைவாகத் தோன்றுகின்றது. பேரனுக்கு அதனினும் குறைந்தது நிறைவாகின்றது. இவ்வாறு அளவுகோலே தாழ்ந்துகொண்டு போகின்றது. எங்கள் மீன்காரப் பெரியவர் தம் தந்தையின் காலம் வரையில்தான் செல்ல முடிந்தது. அதற்கு அப்பால் செல்ல ஏடு வேண்டும்.

நம் நீரிணையில்

மலாக்கா நீரிணைக்கும் இத்தகைய ஏடுகள் உண்டு. மூவார்க் கரைக்கு எதிரே, நீரிணையின் மறுபக்கத்தில் பெங்காலிஸ் தீவு இருக்கின்றது. அங்கே தெருபோக் என்னும் மீன் பெயர்பெற்றது. வங்காளத்து இலிசா மீனுக்கு நெருங்கிய உறவினம் இது. இதன் சினை மிக்க விலைக்கு விற்கும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்ச்சுகீசியர் தோமே பிரஸ் இப்பகுதியின் மீன் வாணிகத்தைக் குறித்தார். 1823இல் பினாங்கிலிருந்து சுமத்ராவின் கிழக்குக் கரைக்குச் சென்ற ஜான் ஆண்டர்சன் தெருபோக் மீன்பிடியைப்பற்றி எழுதினார். சியாக் அரசில் அம்மீனை வரவேற்கும் சடங்கே நடைபெற்றது.

இம்மீன் இளமையில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இயல்புடையது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி கண்டது. சினைக்காகப் பெருமீனைப் பிடிப்பவர் அறியாமலே தாய்மீன்களை மட்டும் தேர்ந்து எடுத்துவிடுகின்றனர். மீன் அருகியது. 2011இல் இந்தோனேசிய அரசு, முட்டையிடும் திங்களில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கே தெருபோக் பிடிப்பதைத் தடுத்தது. பழைய நூல்கள் இல்லையெனில், இன்று அரிதாகிய அம்மீன் ஒரு காலத்தில் அப்பகுதியின் பெருஞ்செல்வமாக இருந்தது என்பதை எவர் நம்புவர்?

மலாயாவின் மீன்வளத்தைப்பற்றி மாக்ஸ்வெல் 1921இலும் ஸ்டெட் 1923இலும் விரிவாக எழுதினர். இழுவைமடி, அதாவது இங்கே புக்காட் துண்டா என்று வழங்கும் வலை, 1960களில் மேற்குக் கரையில் பரவியது. அதற்கு முன்னைய கடல் எத்தகையது என்பதை அறிய இத்தகைய ஏடுகளே துணை. மூவாரிலும் பத்து பகாட்டிலும் பொந்தியானிலும் மெர்சிங்கிலும் மீன் வாணிகம் செய்த பழைய கடைகளின் கணக்குப் புத்தகங்கள் எத்தனை இன்னும் பரணில் கிடக்கின்றனவோ! அவை சீனத்திலோ மலாயிலோ தமிழிலோ இருக்கலாம். எம்மொழியில் இருப்பினும் அவை நம் கடலின் ஏடுகள்.

மழைப் புத்தகம்

இறுதியாக என் அனுபவம் ஒன்றைக் கூறி அமைகின்றேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளிக்கு அண்மையிலிருந்த ஒரு தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமாயிற்று. ஆபீசைக் காலி செய்த நாளன்று பின்புறத்தில் காகிதங்களைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தனர். அக்குவியலில் நீள்வடிவான தடித்த புத்தகங்கள் சில இருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். மழைமானியின் அளவை நாள்தோறும் எழுதிய கணக்கு அது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. ஆதலால் ஒவ்வொரு நாளின் மழையும் தோட்டத்திற்குக் காசுக் கணக்கு. கையெழுத்து மாறி மாறி வந்தது; கிராணிமார் மாறினர்; கணக்கு மாறாமல் தொடர்ந்தது. "இது எதுக்கு வாத்தியாரையா, பழைய குப்பை" என்று எரித்துக்கொண்டிருந்த இளைஞர் கூறினார். அன்று எனக்கும் விடை தெரியவில்லை. புத்தகத்தை அவரிடமே தந்துவிட்டு வந்தேன்.

அந்தோணி ராஜா மழைக்கணக்கைக்கொண்டு மத்தியை ஆராய்ந்த செய்தியைப் பல ஆண்டு கழித்துப் படித்தபோது அந்தத் தீ என் கண்முன் மீண்டும் எரிந்தது. ஜொகூரின் ஆறுகள் தோட்டங்களின் ஊடே ஓடியே கடலை அடைகின்றன. முகத்துவாரத்து இறாலுக்கும் மீனுக்கும் ஆற்றுநீர் எவ்வளவு வந்தது என்பது சிறு செய்தியன்று. அந்த மழையை நாள்தோறும் அளந்து எழுதியவர்களுள் நம்மவரும் இருந்தனர். எழுதியதைக் காக்க வேண்டிய நான் காக்கத் தவறினேன்.

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இன்னும் மூடப்படாத தோட்ட ஆபீஸ் இருப்பின், மழைப் புத்தகம் இருக்கின்றதா என்று கேளுங்கள். இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று தலைப்பில் எழுதி, மூலத்தை ஆவணக்காப்பகத்திலோ நூலகத்திலோ சேர்ப்பிக்க முயலுங்கள். கரையோரப் பள்ளிகளில் பணியாற்றுவோர், மாணவரைக்கொண்டு பாட்டன்மாரிடம் மீன் பெயர்களையும், அவை வந்த திங்களையும், பிடித்த வலையையும் கேட்டெழுதச் செய்யலாம். கேட்ட நாளையும் சொன்னவர் வயதையும் உடன் குறிக்கவேண்டும். பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து இன்றே எழுதத் தொடங்கலாம். அதற்குச் செலவு சிறிது. வேண்டுவது ஒருநாளும் தவறாத ஒழுங்கு.

நாம் எழுதும் கணக்கு நமக்குப் பயன்படாமற் போகலாம். முத்துக் கணக்கு எழுதிய டச்சு எழுத்தரும், எண்ணெய்ப் பீப்பாய் எண்ணிய மலபார்க் கணக்கரும் தமக்குப்பின் எவர் படிப்பர் என்று அறியார். கடல் நாளை எப்படி மாறும் என்பதை நம்மால் கூற இயலாது. இன்று எப்படி இருந்தது என்பதை எழுதிவைக்க இயலும். வரும் தலைமுறை "முன்பு" என்று சொல்லும்போது, அது எப்பொழுது என்று காட்டுவதற்கு ஓர் ஏடாவது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.